நான்கெல்லை

சண்முகவடிவுக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வாழைக்கன்றைத் தின்றது யார் வீட்டு மாடு?

அவளும் அவள் புருஷன் சிவதாணுவும் திருவட்டாற்றில் ஒரு கல்யாணத்துக்குப் போய், இரண்டு நாள் தங்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். வீட்டை ஒட்டிய தோப்பான அவர்கள் விளையின் வடக்கு மூலையில் அவள் நட்டு, குருத்து விட்டுக்கொண்டிருந்த மூன்று வாழைக்கன்றுகளும் மொட்டையாக நின்றன. கீழே சாணி கிடந்தது. அங்கிருந்து நாலைந்து எட்டுத் தள்ளி, தலையில் சிவப்புச் சாயம் பூசிய ஒரு முளைக்குச்சி முழங்கால் உயரத்துக்கு அடித்திருந்தது. அந்தப் பக்கத்தில் அதைக் குத்தி என்பார்கள்.

சிவதாணு வாழையைப் பார்க்கவில்லை. குத்தியைத்தான் பார்த்தார்.

"வந்துட்டானுவ," என்றார்.

"யாரு?"

"கரண்டுக்காரனுவ. விளைக்கு நடுவால கம்பி இழுக்கப்போறானுவ, பாத்துக்கோ."

"அவங்க இழுக்கட்டும். இந்த மாடு எப்பிடி உள்ள வந்துது? வேலிக் கடவ அடச்சுட்டுதானே போனேன்."

"ஏட்டி, மூணு வாழயா இப்பம் பெருசு?" என்று சிவதாணு எரிந்து விழுந்தார்.

தெற்குத் தாலுகாக்கள் திருவிதாங்கூர்–கொச்சியோடு ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. சர்க்காருக்குத் தமிழில் மனு போட்டால் மலையாளத்தில் பதில் வரும். புன்னைக்கோணத்தில் ஒரு மாதமாகவே இந்தப் பேச்சுதான். வடக்கே எங்கோ மலையில் உண்டாக்குகிற மின்சாரத்தை, தென்னையைவிட உயரமான இரும்புத் தூண்களில் ஏற்றி நாகர்கோவிலுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள், சங்கிலியும் கொடியுமாக ஆட்கள் அலைகிறார்கள், சிவப்புக் குத்தி விழுந்த இடத்தில் ஒரு மரம் மிஞ்சாது என்று செல்லக்கனியின் சாயாக்கடையில் தினமும் ஒருவர் சத்தியம் செய்துகொண்டிருந்தார். ஆனால் ஊரில் யாரும் குத்தியைக் கண்ணால் கண்டதில்லை. முதல் குத்தி சிவதாணுவின் விளையில்தான் முளைத்திருந்தது.

சரியாகச் சொன்னால் அது சண்முகவடிவின் விளை. அவள் அப்பா சீதனமாகக் கொடுத்தது. கல்யாணமான புதிதில் அது வெறும் முள்ளும் கல்லுமாகக் கிடந்தது. கல்லைப் பொறுக்கியவளும் அவள்தான், குழி எடுத்து முப்பத்தாறு தென்னம்பிள்ளை வைத்தவளும் அவள்தான். நாலு கோடை குளத்திலிருந்து குடம் குடமாக வெள்ளம் சுமந்தாள். மகளை வயிற்றில் வைத்துக்கொண்டும் சுமந்தாள். இன்றைக்கு அந்த வீட்டுச் சோறு, கறி, எண்ணெய், கூரை, அடுப்பு எல்லாம் அந்த முப்பத்தாறு மரம்தான். சிவதாணுவுக்கென்று சொந்தமாக இருந்தது ஒரு சாய்வு மேசையும் இரண்டு பேனாவும். மச்சினன் தாணுலிங்கம் ஓணத்துக்கு ஒரு தடவை, சித்திரைக்கு ஒரு தடவை வருவான். அண்ணாந்து தேங்காய்க் குலைகளைப் பார்ப்பான். "அப்பா தந்தத அழியாமக் காத்தா அதுவே போதும் அத்தான்," என்று சொல்லிவிட்டுப் போவான். அந்த ஒரு வாக்கியம் சிவதாணுவுக்கு ஆறு மாதம் நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கும்.

ஆனால் பேனா சாமானியப் பேனா இல்லை. நிலம் கைமாறும்போது எழுதுகிற பத்திரத்தை அங்கே ஆதாரம் என்பார்கள். சிவதாணு இருபத்தாறு வருஷமாக ஆதாரம் எழுதுகிறவர். மற்றவர்கள் எழுதிய ஆதாரங்களில் கோர்ட்டுக்குப் போய் நாறியவை உண்டு. சிவதாணு எழுதியது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. காரணம் அவர் எழுதும் நான்கெல்லை. கிழக்கே இன்னது, தெற்கே இன்னது, மேற்கே இன்னது, வடக்கே இன்னது என்று அவர் எழுதிவிட்டால் அந்த நிலத்துக்குள் எறும்பு அத்துமீறினாலும் வழக்குப் போடலாம். ஊரில் அவரை ஆதாரம் சிவதாணு என்றே சொல்வார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போது அவருக்கு முதுகு தானாக நிமிரும்.

மறுநாள் காலை, கரண்டு ஆபீஸில் நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கிற ரசலையன் வேலிக்கு வெளியே வந்து நின்றான். ஒல்லியான மனிதன், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தான்.

"ஐயா, அந்தக் குத்தி…"

"அதத் தொடப்பிடாது," என்றார் சிவதாணு. "அது சாட்சி."

"இல்லய்யா, நான் சொல்ல வந்தது…"

"வாயால ஒண்ணும் சொல்லாண்டாம். இண்ணைக்கு ஒண்ணு சொல்லுவிய, நாளைக்கு இல்லேம்பிய. எதானாலும் எழுதிக் கொண்டா."

"எனக்கு எழுதத் தெரியாதே ஐயா."

"அப்பம் எழுதத் தெரிஞ்சவனக் கூட்டிட்டு வா."

ரசலையன் வீட்டு வாசலில் நின்ற சண்முகவடிவைப் பார்த்தான். அவள் கையில் மொட்டையான வாழை மட்டை இருந்தது. ஏதோ சொல்லப்போனவன் துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

"பாவம், என்னமோ சொல்ல வந்தான்," என்றாள் சண்முகவடிவு. "சுத்தித் திரியுத ஆளு. மாடு யாருதுண்ணு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

சிவதாணு ஓலை எடுக்கப் போனார். சாட்சி மழையில் நனையக்கூடாதென்று ஓலை முடைந்து குத்தியின் தலையில் ஒரு தொப்பி கவிழ்த்துவிட்டு, மேசையின் முன் உட்கார்ந்தார். மத்தியானச் சோறு ஆறிப்போகும்வரை எழுதினார். எழுதியதை மனைவிக்கு வாசித்தும் காட்டினார்.

"புன்னைக்கோணம் கரையில், கிழக்கு குமாரதாஸ் விளைக்கும், தெற்கு குளத்துக்குப் போகும் நடவழிக்கும், மேற்கு தாணம்மாள் வக தோப்புக்கும், வடக்கு பொற்றை அடிவாரத்துக்கும் உட்பட்டதும், கல் பாறை இல்லாததும், மேடு பள்ளம் இல்லாததும், வண்டி வந்து போக வசதியுள்ளதும், யாதொரு வில்லங்கமும் இல்லாததுமான விளையில்…"

சண்முகவடிவு கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககிட்டப் பேசுதது மாதிரில்லா இருக்கு?" என்றாள்.

"ஒனக்கு என்ன தெரியும்? எப்பிடிப்பட்ட விளைண்ணு தெரிஞ்சாத்தான் அவன் கைவைக்க யோசிப்பான்."

"எப்பிடிப்பட்ட விளைண்ணு தெரிஞ்சா எடுக்கத்தான் தோணும்," என்றாள் அவள். அதற்குள் அவர் கவரை ஒட்டிவிட்டார்.

மூன்று வாரத்தில் மலையாளத்தில் பதில் வந்தது. இரண்டே வரி. மனு கிடைத்தது. தாங்கள் குறிப்பிடும் நிலத்தைப் பற்றி இந்த ஆபீஸில் விவரம் ஒன்றும் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்தக் கடிதத்தை மடித்து எரவாணத்தில் செருகிவிட்டு மாட்டைத் தேடப் போயிருப்பார்கள். சிவதாணுவுக்கு முகம் கறுத்துவிட்டது. திட்டியிருந்தால் பொறுத்திருப்பார். முடியாது என்று எழுதியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். விவரம் இல்லை என்று, அவர் எழுதிய ஒரு தாளைப் பார்த்து, இருபத்தாறு வருஷத்தில் ஒருவனும் சொன்னதில்லை. ஆபீஸ் எதையோ மறைக்கிறது என்று நிச்சயமாயிற்று. விவரம் வேண்டுமென்றால் விவரம் கொடுக்கலாம், அவர்கள் தாங்குகிற அளவுக்கு மேலேயே கொடுக்கலாம் என்று முடிவுகட்டினார்.

தனி ஒருவன் மனுவுக்குத்தான் இந்த மரியாதை, ஊரே சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும் என்று முதலில் கிழக்கு வேலிக்குப் போனார். அங்கே ஒரு சிக்கல் இருந்தது. வாழையைத் தின்றது குமாரதாஸின் பசுதான் என்று சண்முகவடிவு மூன்று வாரமாக வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கத்துக்குக் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தாள். குமாரதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பசு நிறைசினை, எழுந்து நிற்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும், அதன்மேல் பழி சொன்ன வீட்டோடு என்ன சேர்க்கை என்று கேட்டார். நெடுநேரம் பேசியபின் ஒரு நிபந்தனைக்கு இறங்கிவந்தார். சர்க்காருக்குப் போகிற மனுவில், பசு வாழையைத் தின்னவில்லை என்று எழுத்துமூலமாக வரவேண்டும்.

அப்படித்தான் புன்னைக்கோணம் குடிமக்களின் மின்சார மனுவில், பதினோராவது பத்தியாக, மேற்படி குமாரதாஸின் பசு மேற்படி வாழைக்கன்றுகள் விஷயத்தில் நிரபராதி என்று ஒரு வரி ஏறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயாக்கடையில் கூட்டம் கூடியது. ஆளுக்கொரு கேள்வி கொண்டுவந்திருந்தார்கள். கம்பிக்கு அடியில் மேய்ந்தால் பசு பால் வற்றுமா? பனையில் இறக்குகிற அக்கானி, அந்தப் பதநீர், புளிக்குமா? நடுவழியில் நின்று குடை விரித்தால் என்ன ஆகும்? மேற்குத் தோப்புக்காரி தாணம்மாள், தூணுக்குக் கீழே நடந்தால் தாலி கறுக்குமா என்று எழுதச் சொன்னாள். கடைக்காரர் செல்லக்கனி சாயா ஆற்றிக்கொண்டே, நம்ம ஊருக்கு லைட்டு உண்டா என்று மட்டும் கேட்டார். சிவதாணு எல்லாவற்றையும் நம்பர் போட்டு எழுதினார். இருபத்திரண்டு கேள்விகள் தேறின.

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. சிவதாணுவின் விளையில் மட்டும் குத்தி அடித்திருக்கிறார்கள் என்பது மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. சர்க்கார் கண்ணுக்கு நம்முடையது நிலமாகத் தெரியவில்லையா, மனுவில் அவன் விளை வரும்போது என் விளை ஏன் வரவில்லை என்று வீடு தேடி வந்து கேட்டார்கள். ஒருவரைச் சேர்த்தால் அடுத்தவர் வந்தார். கேட்டவர்களையெல்லாம் சேர்த்தார் சிவதாணு. குளத்தங்கரையிலிருந்து பெரிய ரோடு வரை நாற்பத்தொரு பேர். ஒவ்வொருவருக்கும் நான்கெல்லை. ஒருவரின் மேற்கு அடுத்தவரின் கிழக்கு என்பதால் எல்லாம் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின, இடையில் ஒரு சாண் விடாமல்.

ஓரிடத்தில் மட்டும் பொருந்தவில்லை. தாணம்மாளுக்கும் அவள் தம்பிக்கும் ஒரு துண்டு நிலத்தின்பேரில் ஒன்பது வருஷமாகத் தகராறு. இரண்டு பேரும் கோயிலில் பார்த்தால்கூடப் பேசமாட்டார்கள். வில்லங்கத்தோடு மனு எழுத சிவதாணுவின் கை ஒப்பவில்லை. மூன்று நாள் நடையாக நடந்து, இரண்டு பேர் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சி, அந்தத் தகராறைத் தீர்த்து இருவரிடமும் ஒப்பு வாங்கினார்.

பிறகு படம் வரைந்தார். துணி ஒட்டிய தாளில், விளைக்குப் பச்சை, வழிக்கு மஞ்சள், குளத்துக்கு நீலம் என்று மூன்று மசியில். ஒன்பது நாள் ஆயிற்று. ஆதாரம் எழுத வந்தவர்களை அடுத்த வாரம் வரச் சொன்னார். வடக்கே இருக்கிற பொற்றையை, அந்தப் பாறைக் குன்றை, கறுப்பில் ஒரு தீற்றல் தீற்றிவிட்டு அதன்மேல் 'உபயோகமில்லாத பாறை' என்று எழுதினார். எல்லாம் முடிந்ததும் படத்தைச் சுவரில் சாத்தி வைத்து, ஐந்தடி தள்ளி நின்று பார்த்தார். சண்முகவடிவும் வந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "கோலு வச்சு இழுத்த மாதிரி நேரா இருக்கு."

அதைவிடப் பெரிய பாராட்டு அவளிடமிருந்து அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை. அன்று இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மனு போன பதினைந்தாம் நாள் எஞ்சினியரே வந்துவிட்டார். ஜீப் ரோட்டில் நின்றது. வெள்ளைத் தொப்பி வைத்த, நல்ல நிறமான மனிதர். பின்னால் ரசலையன் சங்கிலியைச் சுமந்துகொண்டு வந்தான். எஞ்சினியர் கையில் சிவதாணுவின் படம் இருந்தது. பெரிய ரோட்டிலிருந்து குளத்தங்கரை வரை படத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். எங்கேயும் வழி கேட்கவில்லை, எங்கேயும் இடறவில்லை. ஊர் பின்னால் நடந்தது.

சாயாக்கடை முன்னால் பெஞ்சு போட்டு உட்காரவைத்தார்கள். சிவதாணு தொண்டையைச் செருமிக்கொண்டு மனுவை முதலிலிருந்து வாசித்தார். எஞ்சினியர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பதினோராவது பத்தியில் குமாரதாஸ் நெஞ்சை நிமிர்த்தி நாலு பக்கமும் பார்த்தார். ரசலையனுக்கு அந்த இடத்தில் இருமல் வந்து, சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு அப்பால் போய் நின்றான்.

இருபத்திரண்டு கேள்விகளுக்கும் எஞ்சினியர் ஒரே பதில்தான் சொன்னார். எல்லாம் ஆலோசிக்கப்படும். செல்லக்கனியின் கேள்விக்கு மட்டும் நேரடியாகப் பதில் வந்தது. இது பெரிய லைன், இதிலிருந்து வழியில் ஒரு பல்புக்குக்கூட எடுக்க முடியாது, தொட்டால் ஆள் கரிக்கட்டை. நாகர்கோவிலுக்குப் போய் அங்கிருந்து மில்லுக்கும் ஆபீஸுக்கும் போகும். இந்த ஊருக்கு லைட் பின்னால் எப்போதாவது வரும்.

"அப்பம் மரம் நம்மளுது, லைட்டு அவங்களுக்கு," என்றார் செல்லக்கனி. எஞ்சினியர் அதற்கும் தலையை ஆட்டினார்.

அதன்பின் எஞ்சினியர் தம் பங்குக்கு மூன்று கேள்விகள் கேட்டார். இந்தப் படம் வரைந்தது யார்? சிவதாணு எழுந்து நின்றார். இந்த நிலங்களில் பங்காளித் தகராறு ஏதாவது உண்டா? ஒன்றுகூட இல்லை, ஒன்று இருந்ததையும் தீர்த்தாகிவிட்டது என்றார் சிவதாணு. கையெழுத்துப் போட்டவர்கள்தான் உண்மையான உடமஸ்தர்களா, பெயரும் விலாசமும் சரிதானா? சிவதாணுவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"நான் எழுதினா ஒரு புள்ளி மாறாது, ஓய்," என்றார்.

"நன்னாயிட்டுண்டு," என்றார் எஞ்சினியர். "வளரெ நன்னாயிட்டுண்டு." படத்தை இரண்டு கையாலும் பக்குவமாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

எஞ்சினியரே மெச்சிவிட்டுப் போனதால் லைன் ஒழிந்தது என்று ஊரில் பேச்சாகிவிட்டது. சிவதாணுவுக்குச் செல்லக்கனி தம் கையால் இரண்டு பழம்பொரியும் சாயாவும் கொடுத்தார். தாணம்மாளின் தம்பி அக்காவை வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தான். சித்திரைக்கு வந்த தாணுலிங்கம் அண்ணாந்து தேங்காயைப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக, ஒன்றும் சொல்லாமல் போனான். சிவதாணு இருபத்தாறு வருஷம் வாழ்ந்ததெல்லாம் இந்த ஒரு மாதத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார். சண்முகவடிவுகூட மாட்டு விஷயத்தைப் பேச்சில் எடுக்கவில்லை.

வைகாசியில் நோட்டீஸ் வந்தது. நாற்பத்தொரு பேருக்கும் ஒரே நாளில், ஒரு விலாசம் தப்பாமல் வந்தது. தபால்காரர் யாரையும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

மலையாள நோட்டீஸை எல்லாரும் சிவதாணுவிடமே கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் முதலில் தமக்கு வந்ததைப் பிரித்தார். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டார். கிழக்கு குமாரதாஸ் விளைக்கும், தெற்கு குளத்துக்குப் போகும் நடவழிக்கும், மேற்கு தாணம்மாள் வக தோப்புக்கும், வடக்கு பொற்றை அடிவாரத்துக்கும் உட்பட்டதும், கல் பாறை இல்லாததும், மேடு பள்ளம் இல்லாததும்… பாஷை வேறாக இருந்தாலும் தகப்பனுக்குப் பிள்ளை தெரியாமல் போகுமா? ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்தக் கலவரத்திலும், மொழிபெயர்த்தவன் நல்ல வேலைக்காரன் என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தம்மையே அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. மேற்படி நிலத்தில் லைன் போகும் அகலத்துக்குள் நிற்கும் மரங்கள் ஒரு மாதத்துக்குள் வெட்டி நீக்கப்படும் என்று நோட்டீஸ் முடிந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் போனார். எஞ்சினியர் அவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி காட்டினார். சுவரில் சிவதாணுவின் படம் ஆணி அடித்து மாட்டியிருந்தது. குளத்தங்கரையிலிருந்து பெரிய ரோடு வரை அதன்மேல் சிவப்பில் ஒரு கோடு. அது அவர் போட்ட கோடு இல்லை.

எஞ்சினியர் மனதில் ஒன்றையும் வைத்துக்கொள்ளாமல் பேசினார். முதலில் லைனை வடக்கே பொற்றைமேல் கொண்டுபோகத்தான் திட்டமாம். பாறையை உடைத்துத் தூண் நடுவதற்குள் ஆயுசு போய்விடுமாம். ஊர்ப்பக்கமாகக் கொண்டுபோகலாம் என்றால், யார் நிலம், யாருக்கு எத்தனை பங்கு, எங்கே எந்த வழக்கு என்று கண்டுபிடிக்கவே நாலு வருஷம் ஆகும் என்று அந்த எண்ணத்தைக் கைவிட்டிருந்தார்களாம். அப்போதுதான் இந்த மனு வந்ததாம்.

"இங்ஙனெ ஒரு படம் எங்க டிராப்ட்ஸ்மேனுக்குக்கூட வரைய வராது," என்றார். "ரொம்ப உபகாரம்."

சிவதாணு பஸ் ஏறி ஊர் வந்து சேர்வதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். எஞ்சினியர் சொல்வது பொய். வெட்டப்போகிறவனைப் பார்த்து ஆடே கழுத்தை நீட்டியது என்று சொல்கிறான். பொற்றைமேல்தான் லைன் என்றால் முதல் குத்தி எதற்கு நம் விளையில் அடித்தான்? மனு எழுதுவதற்கு முன்னாலேயே குத்தி இருந்ததே. ஓலைத் தொப்பியோடு அது இன்னமும் நிற்கிறதே. லைன் எப்படியும் வந்திருக்கும். மனுவால் வந்ததில்லை.

இதைத்தான் அவர் ஊருக்கும் சொன்னார். கேட்கத்தான் ஆள் குறைந்துகொண்டே வந்தது. எங்கள் நிலத்தையெல்லாம் எழுதிக் கொடுத்தவன் என்று குமாரதாஸ் வேலி ஓரம் நின்று காறித் துப்பினார். இரண்டு மாதத்துக்கு முன் வீடு தேடி வந்து, என் விளையைச் சேர் என்று கேட்டது ஒருவருக்கும் நினைவில் இல்லை. தாணம்மாளும் தம்பியும் மறுபடி பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், இப்போது வெட்டப்போகிற மரத்தை யார் எடுப்பது என்பதற்கு. ஆதாரம் எழுத வேண்டியவர்கள் ஊர் தாண்டிப் போனார்கள். அவர் பேனாவைத் தொட்டால் நிலம் தங்காது என்று பேச்சு. குத்தி முதலிலேயே இருந்தது என்ற ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. சாயாக்கடையில் சொன்னார், கோயிலில் சொன்னார், ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார்.

"சரி, விடுங்கோ," என்றாள் சண்முகவடிவு. "குத்தி முன்னாடியே இருந்துதுல்லா. நீங்க என்ன செய்வீய?"

அதைக் கேட்டபோது அவருக்குக் கண் நிறைந்தது. ஊர் முழுக்க நம்பாவிட்டாலும் அவள் நம்பினால் போதும் என்றிருந்தது.

ஆனி மாதம் கோடாலி வந்தது. முப்பத்தாறில் இருபத்தொன்பது மரம் கோட்டுக்குள் விழுந்தது. காலையில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்கள். நாலு கோடை நட்டு நனைத்ததை வெட்ட ஒரு பகல்கூட வேண்டியிருக்கவில்லை. சண்முகவடிவு அழவில்லை. ஒவ்வொரு மரம் சாயும்போதும் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். கடைசியில் முதுகு வீட்டுச் சுவரில் முட்டியது. பிறகு போய், விழுந்த மரங்களின் இளநீர்க் குலைகளை ஒவ்வொன்றாக அறுத்து, வெட்ட வந்தவர்களுக்கே குடிக்கக் கொடுத்தாள். சிவதாணுவால் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து விளைக்கு நடுவில் இரும்புத் தூண் நின்றது. கம்பி தலைக்குமேல் உம்மென்று இரைந்துகொண்டு நாகர்கோவிலுக்குப் போனது. கீழே சண்முகவடிவு மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரி கிள்ளிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் தாணுலிங்கம் வந்தான். அண்ணாந்து பார்க்க மிஞ்சியது ஏழு மரம்தான், அவன் கம்பியைப் பார்த்தான். அப்பா தந்தது என்று ஆரம்பித்தான். சிவதாணு அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஓலைத் தொப்பியை எடுத்து, சிவப்புக் குத்தியைக் காட்டினார்.

"பாரும். நான் ஒரு எழுத்து எழுததுக்கு முந்தியே இத அடிச்சாச்சு. லைன் இந்த விளைக்குத்தான் வரணும்ணு எழுதியிருந்துது. நான் தடுக்கப் பாத்தேன், முடியல. அவ்வளவுதான்."

தாணுலிங்கம் குத்தியைச் சுற்றி வந்து பார்த்தான். தொட்டும் பார்த்தான். பிறகு, "சர்க்காரு காரியம், நீரு என்ன செய்ய முடியும் அத்தான்," என்றான். ஆறு மாதத்தில் சிவதாணு முதல் தடவையாக நன்றாக மூச்சு விட்டார்.

அந்த நேரத்தில் வேலிக் கடவுப் பக்கம் யாரோ செருமினார்கள். ரசலையன் நின்றுகொண்டிருந்தான். லைன் வேலை முடிந்து வேறு ஊருக்குப் போகிறானாம், சொல்லிக்கொண்டு போக வந்தானாம். தோளில் ஈர மண்ணோடு மூன்று வாழைக்கன்றுகள் இருந்தன. சிவதாணுவின் பக்கம் திரும்பாமல் நேராகச் சண்முகவடிவிடம் போய், கன்றுகளை அவள் காலடியில் இறக்கி வைத்தான்.

"மனசுல வச்சுக்கிடாதீய அம்மா, கூட்டத்துல பசு காரியத்த வாசிச்ச நாள் தொட்டு எனக்கு உறக்கமில்ல," என்றான். "அண்ணைக்கு ஒங்க வாழயத் தின்னது குமாரதாசுக்க பசு இல்ல, எங்க ஆபீஸ் வண்டிமாடு, பொற்றையில ஏற வண்டிக்கு வழியில்லாம, மாட்டக் கெட்டுததுக்குத்தான் அந்தக் குத்திய இங்க அடிச்சேன்."